31.6 கோடி பேர் என்றால் யார் எண்ணினார்கள்?

2023-இல் உலகில் 31.6 கோடி பேர் போதைப்பொருள் பயன்படுத்தினார்கள் என்கிறது ஐ.நா. இத்தனை பேரை எப்படி எண்ணினார்கள்?

எண்ணவில்லை, மதிப்பிட்டார்கள். வியன்னாவிலுள்ள ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் நாடுகளுக்கு வினாத்தாள் அனுப்புகிறது. சில நாடுகள் முழுதாக நிரப்பும், சில பாதி நிரப்பும், சில பதிலே போடாது. விடுபட்டதை அதே வட்டாரத்து நாடுகளின் கணக்கை வைத்து ஈடுகட்டுகிறார்கள். அதனால் அறிக்கையில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எல்லைகளும் இருக்கும். செய்தியாகும்போது அவை உதிர்ந்துவிடும். தலைப்புக்கு ஒற்றை எண்தான் வசதி.

இன்னொன்று, 15 முதல் 64 வயதுக்குள் ஓராண்டில் ஒரே ஒரு தடவை கஞ்சா புகைத்தவரும் இந்தக் கணக்கில் உண்டு. எல்லோரும் அடிமையானவர்கள் அல்ல. பழக்கம் நோயாக முற்றியவர்கள் 2022-இல் சுமார் 6.4 கோடி என்பது மதிப்பீடு.

போதைப்பொருள் மரண எண்ணிக்கையை வைத்து இரண்டு நாடுகளை ஒப்பிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு நாட்டில் சந்தேக மரணம் ஒவ்வொன்றுக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கும். இன்னொன்றில் 'மாரடைப்பு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஒழுங்காகத் தேடும் நாடுதான் பட்டியலில் மோசமாகத் தெரியும்! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் லிஸ்பனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் போதைப்பொருள் முகமை 1993-இல் உருவாக்கப்பட்டது (2024 ஜூலையிலிருந்து அதற்குப் புதிய பெயரும் கூடுதல் அதிகாரமும்). மரணம், சிகிச்சைக்கு வருவோர், ஊசிவழித் தொற்று என எதை எப்படி எண்ணுவது என்று உறுப்பு நாடுகளை ஒரே வரையறைக்குக் கொண்டுவர அது படாதபாடு படுகிறது. என்னைக் கேட்டால், முகமைகளின் ஒத்துழைப்பில் முக்கால்வாசி இந்தச் சலிப்பூட்டும் வேலைதான்.

சாக்கடை நீரைச் சோதிக்கிறார்களாமே. யார் எடுத்தார் என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. ஊர் முழுவதன் நீரும் கலந்துதானே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. உடலில் கொக்கெயின் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் பொருளை அளந்து, ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். 2005-இல் இத்தாலியின் போ ஆற்றில் செய்த ஆய்வு இதற்கு வழிகாட்டியது. 2011-இல் ஐரோப்பாவின் 19 நகரங்கள் ஒரே வாரத்தில், ஒரே முறையில் மாதிரி எடுத்தன. ஒரே மாதிரியை எல்லா ஆய்வகங்களுக்கும் கொடுத்து, விடை ஒத்துவருகிறதா என்றும் பார்ப்பார்கள். வார இறுதியில் கொக்கெயின் அளவு ஏறுவதுகூடத் தெரியும். ஆனால் பத்துப் பேர் நிறைய எடுத்தார்களா, நூறு பேர் கொஞ்சம் எடுத்தார்களா என்பதைச் சாக்கடை சொல்லாது.

புதுப் புது ரசாயனங்களை எப்படிப் பிடிக்கிறார்கள்?

ஐரோப்பாவில் 1997 முதல் முன்னெச்சரிக்கை ஏற்பாடு உண்டு, ஐ.நா.வும் 2013-இல் ஒன்று தொடங்கியது. ஓர் ஆய்வகம் கண்டுபிடித்ததும் அதன் வேதியியல் அடையாளம் மற்றவற்றுக்குப் போகும். எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் பொருள் கையில் இருந்தும் கண்ணில் படாதே.

சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியமும் வியன்னாவில்தானே? அதுவும் ஐ.நா. அலுவலகமும் ஒன்றா?

இல்லை. வாரியம் 13 உறுப்பினர்கள் கொண்ட தனி அமைப்பு. சட்டபூர்வமான மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கு ஒவ்வொரு நாடும் தரும் ஆண்டுத் தேவைக் கணக்கைச் சரிபார்ப்பதும் அதன் வேலை.