மீன்தொட்டித் தண்ணீருக்குத் தாலிக்கொடியை அடைவு வைக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். வீட்டில் 1,000 லீற்றர் மீன்தொட்டியில் டிஸ்கஸ் மீன் வளர்க்கிறேன். அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற ரகம். அதனால் வாரம் 200 லீற்றர் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி மாற்றுகிறேன். மாதம் 4,000 ரூபா போகிறது. 10,000 லீற்றர் நிலக்கீழ்த் தாங்கியும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரமும் போட 350,000 ரூபா கேட்கிறார்கள். மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்துச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். 350,000 ரூபாவை 4,000 ஆல் பிரியுங்கள். முதல் திரும்பவே ஏழு வருடத்துக்கு மேல். வட்டி இன்னும் சேரவில்லை. நகையை மீட்கப் பிந்தினால் ஏலத்துக்குப் போகும். (மனைவியிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.) ஆர்ஓ இயந்திரம் ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு மூன்று லீற்றர் அளவில் கழிவாக வெளியே விடும். ஆவணியில் கிணறு இறங்கிக் கிடக்கும்போது அது கட்டுபடியாகுமா?

அதற்குப் பதிலாக மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம். வளர்ந்த மீன்களுக்கு வாரம் 150 லீற்றர் மாற்றினால் போதும். அதில் பாதி மழைத்தண்ணீர், பாதி கிணற்றுத் தண்ணீர். மழைத்தண்ணீரை மட்டும் விட்டால் தாதுக்கள் போதாமல் அமில, கார அளவு தளம்பும். ஆக 75 லீற்றர். ஆவியாகிக் குறைவதையும் மழைத்தண்ணீராலேயே நிரப்புங்கள், ஏனென்றால் உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கண்ணாடி மூடி போட்டால் அதற்கு வாரம் 10 லீற்றர் போதும். வைகாசி நடுவிலிருந்து ஐப்பசி மழை வரை 22 வாரம்: 1,870 லீற்றர். 2,000 லீற்றர் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றில் அடங்கிவிடும். வெளிச்சம் புகாததால் பாசி பிடிக்காது.

அதை நிரப்புவது பெரிய காரியமே இல்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரைக்கு 50 மில்லிமீற்றர் பெய்தால், சிந்தியது போக 2,000 லீற்றர். கார்த்திகையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்துவிடும். முதல் மழை கூரையைக் கழுவட்டும், அதைப் பிடிக்காதீர்கள். தை, மாசியில் எடுத்ததைச் சித்திரை மழையில் திரும்ப நிரப்புங்கள்.

தாங்கி, பீலி, சீமெந்து அடித்தளம் மூன்றுக்கும் விலை கேட்டு, அதையும் 4,000 ஆல் பிரியுங்கள். இரண்டு வருடத்துக்குள் வந்தால் சேமிப்பிலிருந்தோ சீட்டுக்காசிலிருந்தோ செய்யலாம். நிறைந்த தாங்கி இரண்டு தொன் பாரம். மொட்டை மாடியில் ஏற்றாமல் நிலத்தில் வையுங்கள். வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம்.

மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் எண்ணம் இருந்தால் அது தொழில். வரவு செலவை எழுதி அனுப்புங்கள், வேறாகப் பார்க்கலாம்.

பணம் போடுமுன் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதியுங்கள். வெறும் சுண்ணாம்பு என்றால் மேலே சொன்னது சரிவரும். உவர் ஏறியிருந்தால் பாதிக்குப் பாதி கலந்தும் டிஸ்கஸுக்கு ஆகாது. அப்போது டிஸ்கஸை விற்றுவிட்டு மொலி வாங்குங்கள். கடினத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் அதற்குப் பிடிக்கும். தாங்கிச் செலவும் மிச்சம்.