வெண்டை நான்கு பறிப்போடு நிற்பது உரக் குறையால் அல்ல

கேள்வி: வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் இடம் இருக்கிறது. வெண்டை, கத்தரி, தக்காளி, அவரை, சுரை போட்டிருக்கிறோம். இரண்டு மாமரம், ஒரு கொய்யா, ஒரு சப்போட்டா, ஒரு எலுமிச்சையும் உண்டு. வார நாட்களில் வேலைக்குப் போவதால் ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்தில் இறங்க முடிகிறது. வெண்டை நான்கு பறிப்புக்கு மேல் காய்ப்பதில்லை. தக்காளி வெடிக்கிறது. மாங்காயைப் பறித்துப் பழுக்க வைத்தால் சிலவற்றின் தோல் கருகுகிறது, சில சுருங்கிப் புளிக்கின்றன. என்ன உரம் வைக்கலாம்?

பதில்: உரத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்லில்தான். நீங்கள் சொன்ன குறைகளில் பாதி அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூ காலையில் விரியும், அன்றைக்கே வாடிவிடும். விரிந்த நான்கு முதல் ஆறு நாளுக்குள் காய் பறிக்கிற பதத்துக்கு வரும். அதைத் தாண்டினால் நார் ஏறிவிடும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கள், செவ்வாய், புதன் பூத்தவை ஞாயிற்றுக்கிழமை நல்ல பதத்தில் கையில் கிடைக்கும். வியாழன் முதல் ஞாயிறு வரை பூத்தவை அன்றைக்கு விரல் நீளம்கூட இல்லாத பிஞ்சு. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டுப் போகிறீர்கள். அடுத்த ஞாயிறு வரும்போது அவற்றுக்கு ஏழு முதல் பத்து நாள் ஆகியிருக்கும், எல்லாம் முற்றல். ஏழு நாள் பூவில் நான்கு நாள் பூ வீணாகிறது.

காய் வீணானால்கூடப் பரவாயில்லை. முற்றல் செடியிலேயே நின்றால்தான் நிஜமான நஷ்டம். உள்ளே விதை பிடிக்கத் தொடங்கியதும் இலை செய்கிற உணவு அந்தப் பக்கம் திரும்பிவிடும். புதுக் கொழுந்துக்கும் புதுப் பூவுக்கும் மிச்சம் கிடைப்பது குறையும். விதை உண்டாக்குவதற்காகத்தான் செடி காய்க்கிறது, விதை முற்றியாயிற்று என்றால் அதற்கு அவசரம் போய்விடும். நாம் பிஞ்சிலேயே பறித்துக்கொண்டிருக்கும் வரை, வேலை முடியவில்லை என்று அது பூத்துக்கொண்டே இருக்கும். ஆக, பறிப்பதும் ஒரு பராமரிப்புதான். நீங்கள் நான்கு பறிப்பு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு வாரமும் செடியில் எத்தனை முற்றல் தொங்கியது என்று நினைத்துப் பாருங்கள்.

வெண்டைக்கு வழி ஒன்றுதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. வீட்டில் வேறு யாராவது செய்யலாம், நீங்களே காலையில் கிளம்புவதற்கு முன்னும் செய்யலாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெண்டைச் சுணை பட்டால் அரிக்கும். காயைப் பிடித்து இழுத்தால் தண்டோடு தோல் உரிந்து வரும். காம்பைச் சின்னக் கத்தியால் அறுத்து எடுங்கள். சந்தேகமான காயை நுனியில் ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'டக்' என்று ஒடிந்தால் இளசு, வளைந்து கொடுத்தால் முற்றல். அந்த முற்றலையும் அறுத்து உரக்குழியில் போடுங்கள். 'சமையலுக்கு ஆகாதே' என்று செடியிலேயே விட்டுவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. விதைக்கு வேண்டுமென்றால் நோயில்லாத நல்ல செடியாக ஒன்றிரண்டைத் தொடக்கத்திலேயே தேர்ந்து துணி கட்டி வையுங்கள். அந்தச் செடிகளில் மட்டும் காய் முற்றட்டும்.

யாராலும் முடியாது, ஞாயிறு மட்டும்தான் என்றால் நான் வெண்டையே போட மாட்டேன். அவரை, பீர்க்கை, பீன்ஸ் எல்லாம் இதே கதைதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கேட்கும். எந்தக் காயைப் போடலாம் என்று யோசிக்கும்போது மண்ணையும் பருவத்தையும் பார்க்கிறோம், எத்தனை நாளுக்கு ஒரு முறை பறிக்க வேண்டியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கத்தரியும் மிளகாயும் வாரம் ஒரு பறிப்புக்குச் சமாளிக்கும். கத்தரியில் பார்க்க வேண்டியது பளபளப்பு. தோல் மங்கிவிட்டால் உள்ளே விதை பழுப்பாகிவிட்டது என்று அர்த்தம். பூசணி, சேனை, சர்க்கரைவள்ளி, மஞ்சள் போன்றவை உங்களுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும். பூசணியின் காம்பு காய்ந்து தக்கைபோல ஆகி, தோலில் நகம் இறங்காத நிலை வந்ததும், நாலு விரல் காம்பு விட்டு அறுத்தால் போதும். காம்பு உடைந்த பூசணி அந்த இடத்திலேயே அழுக ஆரம்பிக்கும். காம்பைக் கைப்பிடியாக்கித் தூக்காதீர்கள்.

சுரை, அடிக்கடி பறிக்க வேண்டியவற்றுக்கும் காத்திருப்பவற்றுக்கும் நடுவில். நகம் சுலபமாக இறங்குகிற வரை இளசு. ஒரு வருஷம் என் பந்தலில் கொடி திடீரென்று பூவை நிறுத்திவிட்டது. தழைச்சத்து வைத்தேன், வேப்பெண்ணெய் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பந்தல் மூலையில் இலைக்கு மேலே படுத்துக்கிடந்த ஒரு சுரைக்காய் கண்ணில் படாமலே குடம் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதை இறக்கிய பிறகுதான் பக்கக் கொடிகளில் மறுபடி பெண் பூ வந்தது. அதிலிருந்து பந்தலைக் கீழே நின்று பார்ப்பதோடு விடுவதில்லை, ஏணி போட்டு மேலேயும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

சரி, தக்காளி. இதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. தக்காளி செடியிலேயே முழுக்கச் சிவக்க வேண்டும் என்பதில்லை. காயின் அடிப்பக்கம், அதாவது காம்புக்கு எதிர்ப்பக்கம், லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ தட்டினாலே அது பழுக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் செங்காயைப் பறித்து வீட்டுக்குள் வைத்தால் ஒரு வாரத்துக்குள் சிவந்துவிடும், ருசியிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நிறம் தட்டிய எல்லாவற்றையும் தயங்காமல் பறியுங்கள். கடும் வெயில் காலத்தில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே இருந்தால் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, செடியிலேயே விட்டால் காய் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும். நிழலான அறையில் வைத்தால் நன்றாகச் சிவக்கும். பழுக்கும் முன்பு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நிறமும் வராது, மணமும் போய்விடும்.

வெடிப்புக்குக் காரணம் தண்ணீர். ஒரு வாரம் காய்ந்த மண்ணில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் தண்ணீர் விடும்போது, உள்ளே சதை சட்டென்று பெருக்கும், வெயிலில் இறுகிய தோல் ஈடு கொடுக்காமல் பிளந்துவிடும். காயின் அடியில் கறுத்துக் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போதாமல்தான் அப்படி ஆகிறது, அது மண்ணில் இருந்தாலும் தண்ணீர் சீராகப் போனால்தான் காய்க்குப் போய்ச் சேரும். சொட்டு நீர்க் குழாயில் ஒரு டைமர் மாட்டிவிடுங்கள். செடியடியில் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. உரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்பேன்.

மாங்காயில் நீங்கள் சொன்னது ஒரே குறையில்லை, இரண்டு. தோல் கருகுவது பாலால். காயைத் திருகிக் காம்போடு பிடுங்கும்போது அந்த இடத்திலிருந்து பால் பீய்ச்சி அடிக்கும். அதில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும், நம் கையிலும் கண்ணிலும் பட்டாலும் எரியும். பறித்த அன்று ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாளில் பால் வழிந்த கோடு அப்படியே கறுத்து நிற்கும். துறட்டியில் வலை கட்டி, இரண்டு மூன்று விரல் காம்பு விட்டு அறுத்து இறக்குங்கள். பிறகு காம்பை ஒட்ட நறுக்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கம்பி வலையிலோ குச்சி அடுக்கின் மேலோ கவிழ்த்து வையுங்கள். பால் தரையைப் பார்த்துச் சொட்டட்டும். ஓரிரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். உலுக்கி விழுந்த காயைத் தனியாக வையுங்கள், அடிபட்ட இடம் பழுக்காது, அழுகும்.

சுருங்கிப் புளிப்பது முற்றாமல் பறித்ததால். முற்றிய காயில் காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் உயர்ந்து, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்தாற்போல இருக்கும். பிஞ்சில் தோள் சரிந்து காம்போடு ஓடும். இதில் கண்ணுக்குப் பழக்கம் வரும் வரை ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். முற்றியது பெரும்பாலும் மூழ்கும், முற்றாதது மிதக்கும். மிதப்பதை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிடலாம். மூழ்கியவற்றை வைக்கோலிலோ அட்டைப் பெட்டியிலோ ஒரு வரிசையாக அடுக்கி, நடுவே பழுத்த வாழைப்பழம் ஒன்றிரண்டு வைத்து மூடுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றதைப் பழுக்க வைக்கும். கார்பைடு கல்லை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அதில் ஆர்சனிக் கலந்திருக்கும் ஆபத்து உண்டு.

இந்தப் பெட்டி வித்தை எல்லாப் பழத்துக்கும் பலிக்காது. மா, வாழை, சப்போட்டா, பப்பாளி, சீதா எல்லாம் முற்றிய பிறகு பறித்தால் வீட்டில் பழுக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, மாதுளை, திராட்சை, அன்னாசி பறித்த பிறகு இனிக்காது, மரத்தில் என்ன இருந்ததோ அவ்வளவுதான். எலுமிச்சையைக் கத்தரியால் வெட்டி எடுங்கள். பிடுங்கினால் காம்பு மொட்டோடு தோலும் கிழிந்து வரும், பூசணம் நுழைய அது போதும். சப்போட்டாதான் ஆளை ஏமாற்றும். பிஞ்சும் முற்றலும் ஒரே பழுப்பு. நகத்தால் தோலை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், மஞ்சள் கலந்த உருளைக்கிழங்கு நிறம் தெரிந்தால் பறிக்கலாம். முற்றிய காயில் மேலே இருக்கும் பழுப்புத் தூள் விரலால் தேய்த்தாலே உதிரும்.

கொய்யாவைப் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிற தோட்டத்தில் கொய்யாவுக்கு அடியில் பழம் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். பழ ஈ பழத்துக்குள் முட்டை வைக்கும். புழு பழத்தைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்த பிறகு வெளியே வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து வரும் ஈ அடுத்த பழத்துக்குப் போகும். விழுந்ததை உரக்குழியில் மேலாகப் போட்டால் ஈயை நாமே வளர்த்த மாதிரி. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, நல்ல வெயிலில் சில நாள் கிடத்திவிட்டு அப்புறம் குழியில் தள்ளுங்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டினால் மருந்துக்கு வேலையே இருக்காது. பறிப்பு முடிந்ததும் கிளை நுனிகளைக் கொஞ்சம் வெட்டிக் கவாத்து செய்யுங்கள். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். மாவுக்கும் காய்ந்த குச்சி, உள்ளே அடைசலான கிளை எடுக்கும் வேலையைப் பறிப்பு முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த பூப்புக்குள் துளிர் முற்றாது.

எந்தக் காயானாலும் வெயில் ஏறும் முன் பறியுங்கள், கூடையை நிழலில் வையுங்கள். அவரைக்கு மட்டும் பனி காய்ந்த பிறகு போங்கள். ஈர இலையில் கை பட்டுப் பட்டு நோய் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் பரவும். மருந்து ஏதாவது அடித்திருந்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும், அதற்கு முன்னால் கூடையை எடுக்க வேண்டாம்.

இனி உரம். தழைச்சத்தைக் கூட்டினால் வெண்டையும் தக்காளியும் இலையாகக் கொழிக்கும், பூ குறையும், சாறு உறிஞ்சும் பூச்சிகளான அசுவினியும் வெள்ளை ஈயும் கூடும். தொடர்ந்து பறிக்கிற செடிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கை மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ, வேரைக் கிளறாமல் மூடாக்கை விலக்கி வைத்துத் தண்ணீர் விட்டால் போதும். மரங்களுக்குப் பறிப்பு முடிந்து கவாத்து செய்ததும், கிளை நிழல் விழும் ஓரத்தில் வட்டமாகக் குழி பறித்து இடுங்கள். அடிமரத்தை ஒட்டி வைத்தால் உறிஞ்சுகிற வேர் அங்கே அதிகம் இருக்காது.

இந்த ஞாயிறு வெண்டைப் பாத்தியில் ஒரு முற்றல்கூட விடாமல் வெட்டி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த இரண்டு கை உரத்தை வையுங்கள். தண்டு இன்னும் பச்சையாக இருந்தால் இரண்டு வாரத்தில் பக்கக் கணுக்களில் துளிர் வரும், பூவும் வரும். தண்டு பழுத்து இலையில் மஞ்சள் நரம்பு பின்னியிருந்தால் மெனக்கெட வேண்டாம், பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் புதிதாக விதை ஊன்றுங்கள்.