மாடி பஸ் கேட்டு மனு போடலாமா?

கேள்வி: குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனை போகும் பஸ்ஸில் காலையில் கால் வைக்க இடமில்லை. மாடி பஸ் விடச் சொல்லி எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு கொடுக்கப் போகிறது. பலன் இருக்குமா?

பதில்: அந்த மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். மாடி இருந்தால் இரண்டு மடங்கு ஆள் ஏறலாம் என்பது கணக்கில் வராது. மும்பையில் ஓடும் மின்சார மாடி பஸ்ஸில் சுமார் 65 இருக்கைகள். மேல்தளத்தில் நின்று போக முடியாது. 12 மீட்டர் சாதாரண பஸ்ஸில் உட்கார்ந்தவர்கள் போக முப்பது நாற்பது பேர் நின்றே வருகிறார்கள். உட்கார்ந்தவர், நின்றவர் எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு பஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேலேயிருந்து படிக்கட்டில் இறங்கி வரும்வரை பஸ் நிறுத்தத்திலேயே நிற்கும். டிக்கெட் கொடுக்க இன்னொரு நடத்துநரும் வேண்டும். மும்பையின் பழைய மாடி பஸ்களில் இரண்டு பேர் இருந்தார்கள்.

தாம்பரம் – பிராட்வே தடத்தில் முன்பு மாடி பஸ் ஓடியதே என்பீர்கள். ஓடியது. பெரும்பாலோர் ஏறிய பிறகு நெடுந்தூரம் இறங்காத தடத்துக்கு அது ஒத்துவரும். உங்களுக்கும் அப்படித்தானா? ஒரு காலை வேளையில் பஸ்ஸில் உட்கார்ந்து, யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பாருங்கள். பாதிக் கூட்டம் கிண்டி, சைதாப்பேட்டையிலேயே இறங்கினால் மாடி வேண்டாம். முக்கால்வாசிப் பேர் அண்ணா சாலை தாண்டிப் போகிறார்கள் என்றால் கேட்கலாம். அதுவும் இப்போதுள்ள நடைகளுக்கு மேல் கூடுதலாக என்று எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பஸ்ஸை எடுத்துவிட்டு ஒரு மாடி பஸ்ஸை விடுவார்கள். போட்டோவில் அழகாக இருக்கும், நீங்கள் இருபது நிமிடம் வெயிலில் நிற்பீர்கள்.

மேலிடத்தில் ஆள் இருக்கிறது, மனுவை நகர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். 'சாத்தியக்கூறு அறிக்கை' எழுதித் தர வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலும் நடக்கும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நீங்களே கேட்கலாம்: இந்தத் தடத்தில் காலை 7 முதல் 10 வரை அட்டவணைப்படி எத்தனை நடை, போன மாதம் ஓடியது எத்தனை, ரத்தானது எத்தனை? 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் ஒரு மனு, அதற்கும் ஒரு அலைச்சல். இந்த நாட்டில் பஸ் கேட்பதே ஒரு முழுநேர வேலை!

ரத்தான நடைகள் நிறைய இருந்தால் உங்கள் நெரிசலுக்குக் காரணம் அதுதான். புது வண்டியே தேவையில்லை, அட்டவணையில் இருப்பதை ஓட்டச் சொன்னால் போதும்.

அப்புறம், புது மாடி பஸ் ஏசி வண்டியாக வர வாய்ப்பு அதிகம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும்தான். எதைக் கேட்டாலும் மனுவில் 'சாதாரணக் கட்டணம்' என்று எழுதிவிடுங்கள்.