பெரிய கப்பலும் குறுகிய கால்வாயும்: கேள்வி பதில்

நம் மும்பைத் தமிழ்க் குழுவில் கப்பல் சிமுலேட்டர் (கப்பல் ஓட்டுவதைக் கணினியில் அப்படியே காட்டும் கருவி) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். துறைமுகங்களுக்காக இந்தச் சிமுலேட்டர் ஓட்டங்களை நடத்துவதுதான் என் வேலை.

அண்ணா, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து என்ன தெரிந்துவிடும்? வீடியோ கேம் மாதிரிதானே? (மாதுங்கா)

பார்வைக்கு அப்படித்தான் தம்பி. ஆனால் கால்வாயின் ஆழம், நீரோட்டம், காற்று, அந்தக் கப்பலின் சுக்கானும் எஞ்சினும் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் உள்ளே கணக்காக ஓடும். அந்தத் துறைமுகத்து பைலட்டையே (கப்பலை உள்ளே கொண்டுவர வழிகாட்டும் மாலுமி) நிற்க வைத்து ஓட்டச் சொல்வோம். ஒழுங்காக வந்து சேர்ந்த ஓட்டங்களில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எந்தக் காற்றில், எந்த நீரோட்டத்தில் கைமீறிப் போகிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. பாதி வழியில் எஞ்சினை நிறுத்துவோம், டக் (கப்பலை இழுக்கும், தள்ளும் சிறு படகு) கயிற்றை அறுத்துவிடுவோம். 'இதற்கு மேல் காற்றடித்தால் உள்ளே விடாதே' என்ற வரம்பு அங்கேதான் கிடைக்கிறது.

அத்தனை கனமான கப்பலைக் காற்று என்ன செய்துவிடும் சார்? (செம்பூர்)

400 மீட்டர் கப்பலில் கன்டெய்னர்களை அடுக்கினால் பக்கவாட்டில் சுமார் 15,000 சதுர மீட்டருக்குச் சுவர் எழுப்பிய மாதிரி. 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) காற்று அதில் நேராக அடித்தால் ஏறக்குறைய 150 டன் தள்ளும். நல்ல டக் ஒன்றின் இழுவிசை 60, 70 டன். இரண்டு டக் முழு மூச்சாக இழுத்தாலும் காற்றுக்கு ஈடுகொடுப்பதே கஷ்டம், கையிருப்பு எதுவும் மிஞ்சாது. நாலு டக் கேட்டால் செலவு என்று முகம் சுளிப்பார்கள். கப்பல் ஜெட்டியில் (கப்பலை நிறுத்திக் கட்டும் மேடை) மோதுவதைத் திரையில் காட்டினால் பேச்சு அடங்கிவிடும். ஜெட்டி அருகே கப்பல் ஊர்ந்துதான் வரும், அந்த வேகத்தில் சுக்கான் சொன்ன பேச்சு கேட்காது. காற்றுக்குக் கொண்டாட்டம் அப்போதுதான்.

நவசேவா (மும்பைக்கு எதிர்க்கரைத் துறைமுகம்) கால்வாயைத்தான் ஆழப்படுத்திவிட்டார்களே? (முலுண்டு)

சரிதான், ஆனால் ஓடும் கப்பல் நிற்கும் கப்பலை விடத் தாழ்ந்து போகும். ஆழம் குறைந்த இடத்தில் 10 நாட் வேகத்தில் அரை மீட்டருக்கு மேலேயே தாழும். வேகத்தைப் பாதியாக்கினால் அந்தத் தாழ்வு கால் பங்காகும். ஆனால் ரொம்பக் குறைத்தால் குறுக்கு நீரோட்டம் தள்ளும். மும்பையில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 5 மீட்டர் வரை ஏறி இறங்குவதால், நேரம் பார்த்துத்தான் உள்ளே வர வேண்டும்.

2010 விபத்தை சிமுலேட்டர் தடுத்திருக்குமா? (தாராவி)

அந்த ஆகஸ்ட் 7-ல் எம்எஸ்சி சித்ரா, கலிஜியா 3 என்ற இரண்டு கப்பல்கள் மோதிக் கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன, கால்வாய் சில நாள் முடங்கியது. மும்பைத் துறைமுகத்துக்கும் நவசேவாவுக்கும் பொதுவான வழி அது. தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிமுலேட்டரில் இரண்டு பிரிட்ஜை (கப்பலை ஓட்டும் அறை) இணைத்து, எதிரெதிரே கப்பல் ஓட்டி, எங்கே கடக்கலாம், எங்கே கூடாது என்று முன்கூட்டியே பழகலாம். அவ்வளவுதான்.

முடிவை எவ்வளவு நம்பலாம்? (வாஷி)

உள்ளே கொடுத்த நீரோட்டக் கணக்கு எவ்வளவு சரியோ, அவ்வளவு. யாராவது அறிக்கை நீட்டினால், நீரோட்டத்தை மழைக்காலத்தில் அளந்தீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.