தொடுதிரை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் சின்னச் சின்னக் காட்சிக்கூடங்களுக்குத் திரை, ஒலி, ப்ரொஜெக்டர் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். 2023இல், மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூரும் ‘மலையகம் 200’ பற்றி எல்லோரும் பேசத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் கூடிவிட்டன. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாடசாலையில் ஓர் அறையில் கொழுந்துக் கூடை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, பழைய தப்பு மேளம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒருவர் 55 அங்குலத் தொடுதிரை அன்பளிப்பாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (ஆசிரியை, ஹட்டன்)

கொடுப்பவர்களுக்குப் பெரிய திரைதான் பிடிக்கும் டீச்சர், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வசதி. அதில் எதைப் போடப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். கூடையின் படத்தைப் போட்டால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கிய தொழிலாளர் அருங்காட்சியகம், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயத்திலேயே இருக்கிறது. அந்தக் காம்பராவுக்குள் நின்றாலே பாதிக் கதை புரிந்துவிடும், அங்கே திரை எதற்கு?

பொருள் தானாகச் சொல்ல முடியாததற்கு மட்டும் கரண்டைச் செலவழியுங்கள். உங்களிடம் தப்பு இருக்கிறது. திருவிழாவுக்கு அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு. அதைத் தெரிந்த பெரியவர் ஊரில் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். பழைய டெலிபோன் ரிசீவர் ஒன்றைச் சுவரில் மாட்டி, உள்ளே சின்ன எம்பி3 பிளேயர் வைத்தால் போதும். தூக்கினால் ஒலிக்கும், வைத்தால் நிற்கும். கெட்டுப்போனால் ரேடியோ திருத்துகிறவரே சரிசெய்துவிடுவார். அப்புறம் அந்த அன்பளிப்பு: ஒரு 55 அங்குலத்துக்குப் பதிலாக ஒரே மாதிரி இரண்டு 22 அங்குலம் கேட்டுப் பாருங்கள். ஒன்று சுவரில், அது கெட்டால் மாற்ற மற்றது அலுமாரியில்.

சாதாரண டிவி மாட்டினால் போதாதா? (மாத்தளை)

வாரத்தில் இரண்டு நாள் திறக்கும் இடமென்றால் போதும். தினமும் எட்டு மணி நேரம் என்றால் வேண்டாம். வீட்டு டிவி அப்படி ஓடுவதற்குச் செய்ததில்லை, பொது இடத்தில் மாட்டினால் உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது.

மழைக்காலத்தில் எங்கள் திரைப் பெட்டிக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. சிலிக்கோன் பூசி முழுதாக அடைத்துவிடலாமா? (நுவரெலியா)

அடைக்காதீர்கள் தம்பி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் ஆட்களின் மூச்சோடு சேர்ந்த ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த இரும்பிலும் கண்ணாடியிலும் பட்டதும் நீராகிவிடுகிறது. பெட்டிக்குக் கீழும் மேலும் வலை போட்ட காற்றுத் துளை வையுங்கள். இரவில் திரையை மட்டும் அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சின்னக் கணினியை ஓடவிடுங்கள். அந்த மெல்லிய சூடே ஈரத்தை அண்டவிடாது. சிலிக்கா ஜெல் பையும் உதவும், ஆனால் நீலம் இளஞ்சிவப்பானதும் எடுத்து உலர்த்த வேண்டும். உங்கள் ஊரில் வெயிலுக்குக் காத்திருந்தால் மாதம் போய்விடும், ஓவனில் இளஞ்சூட்டில் வையுங்கள்.

கணினியை இரவில் ஓடவிடுவதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். இன்டர்நெட் வயரையும் சேர்த்துத்தான், மின்னல் அந்த வழியாகவும் வரும். அப்படி இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த பெட்டியைக் காலையில் உடனே போடாமல், பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஈரம் காய்ந்த பிறகு போடுங்கள்.

எங்கள் திரை ஆள் தொடாமலே பக்கம் புரட்டுகிறது. மென்பொருள் கோளாறா? (பண்டாரவளை)

முதலில் பிளக்கைப் பாருங்கள். இதே வியாதியோடு ஓரிடத்துக்கு என்னை அழைத்தார்கள். கதவைத் திறந்ததும் திரை தன்பாட்டில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. கூட்டித் துடைக்கும் அக்கா அதன் நெற்றியில் திருநீறு பூசி வைத்திருந்தார். பின்னால் போய்ப் பார்த்தால், பூட்டிய ஆள் சுவர் சொக்கட்டுக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு பின் பிளக் போட்டு, எர்த் வயரை வெட்டிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். விரல் தொடும்போது ஏற்படும் நுண்ணிய மின் மாற்றத்தை உணர்ந்துதான் இவ்வகைத் திரை வேலை செய்கிறது. எர்த் இல்லாவிட்டால் மின் இரைச்சலையும் விரல் என்று எண்ணிக்கொள்ளும். மூன்று பின் பிளக் போட்டு எர்த்தைக் கொடுத்ததும் பேய் போய்விட்டது. திருநீறு மட்டும் இருக்கட்டும் என்றார் அக்கா.

எர்த் சரியாக இருந்தால் அடுத்து திரையின் வகையைப் பாருங்கள். ஓரச் சட்டத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர் பாயும் வகையென்றால் சட்டத்தில் படிந்த தூசி, நேரே விழும் வெயில், வந்து குந்தும் விட்டில்பூச்சி எல்லாமே அதற்கு விரல்தான்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. செய்து கொடுத்தவர்கள் எழுத்துருதான் காரணம் என்கிறார்கள். (கம்பளை)

பாதி உண்மை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும், யுனிகோடுக்கு மாற்றினால் தீரும். ஆனால் ‘கொழுந்து’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது என்றால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. கணினி விளையாட்டு செய்யும் யூனிட்டி போன்ற சில மென்பொருள்கள் தமிழ், சிங்கள எழுத்துகளைப் பெரும்பாலும் தாமாக ஒழுங்குபடுத்துவதில்லை. பிரவுசர் அதைச் சரியாகச் செய்யும். ஆகவே வலைப்பக்கமாகவே செய்து தரச் சொல்லி, இன்டர்நெட் இல்லாமல் முழுத்திரையில் ஓட விடுங்கள். பணம் கொடுக்கும் முன் ‘கொழுந்து’, ‘பௌர்ணமி’ இரண்டையும் அந்தத் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். பொத்தான்களின் அளவையும் தமிழை வைத்தே தீர்மானியுங்கள். ஆங்கிலத்துக்கு வெட்டிய பொத்தானில் நம் சொற்கள் அடங்காது.

கரண்ட் போய் வந்தால், திரையை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி எழும்புவதில்லை. (பதுளை)

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதன் மெமரி கார்ட் கெட்டுவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டிய நாட்களில் எனக்கு இதே வேலைதான். கார்டை வாசிக்க மட்டும் என்று பூட்டும் வசதி அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். மின்னழுத்தத்தைச் சீராக்கும் யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். நகலெடுத்த இன்னொரு கார்டை உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

பராமரிப்புக்கு வருட ஒப்பந்தம் போடலாமா? (டிக்கோயா)

கொழும்பிலிருந்து ஆள் வந்து சேரும்வரை ‘வேலை செய்யவில்லை’ என்று கடதாசி ஒட்டிய திரைதான் உங்கள் காட்சிப்பொருள். அந்தப் பணத்தில் பாதியைக் காலையில் கதவு திறப்பவருக்குக் கொடுத்து, பழக்கிவிடுங்கள். துடைக்கும் மருந்தைத் திரையில் நேரே அடிக்காமல் மெல்லிய துணியில் நனைத்துத் துடைப்பது, மாதம் ஒரு தடவை வலையில் தூசி தட்டுவது, மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் ஸ்விட்சைச் சோதிப்பது, இவ்வளவுதான். பெட்டிக்குப் பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது மழையா, திரையில் என்ன தெரிந்தது என்று எழுதட்டும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாதிப் பழுதை நான் பஸ் ஏறாமலே சொல்லிவிடுவேன்.