நீக்கிலாரும் நத்தார் பாப்பாவும்

கேள்வி: ஐயா, எங்கள் ஆலயத்துப் புனித நீக்கிலார்தான் நத்தார் பாப்பா என்று மகனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "அப்ப சொரூபத்துக்கு ஏன் அந்தச் சிவப்புத் தொப்பி இல்லை?" என்று நச்சரிக்கிறான். என்ன சொல்வது?
— ஒரு தாய், நாவாந்துறை

பதில்: மகன் விடமாட்டான் போலிருக்கிறதே! ஆள் ஒருவர்தான் அம்மா, இடையில் நிறையக் கை பட்டுவிட்டது.

இன்றைய துருக்கியின் தென்கரையில் மீரா என்ற ஊரில், 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் நீக்கிலார். அவர் எழுதியதாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில், இயேசு பிதாவுக்குச் சமமல்ல என்று போதித்த குரு ஆரியுஸுக்குக் கன்னத்தில் ஒன்று போட்டார் என்பார்களே, அது பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்ட கதை. எனக்குப் பிடிக்கும், ஆனால் வரலாறு என்று சொல்லமாட்டேன்.

நத்தார் பாப்பாவின் வேர் வேறு கதையில் இருக்கிறது. நொடித்துப்போன ஒரு தகப்பன், மூன்று குமர்ப்பிள்ளைகள், சீதனம் கொடுக்க வழியில்லை, பிள்ளைகள் தவறான தொழிலுக்கே போகவேண்டி வரும் என்ற நிலை. யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கவா வேண்டும்? நீக்கிலார் இரவில் யாருக்கும் தெரியாமல் யன்னலால் ஒரு பொன்முடிப்பைப் போட்டார், மூத்தவளின் கலியாணம் ஒப்பேறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்து ஆளைப் பிடித்துவிட்டான், அவரோ "ஒருவருக்கும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாராம். (சொல்லாமல் இருந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று மகன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.)

அப்புறம் ஒல்லாந்தர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தியவர்கள்தான், ஆனால் தங்கள் நாட்டில் சின்டர்கிளாஸ் என்று இவரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் ஆனது. கலைமான் வண்டியெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் அங்கே பூட்டியது.

எனக்கென்னவோ உங்கள் கரைக்குப் பொருத்தமானவர் கடல் நீக்கிலார்தான். புயலில் கிடந்து கத்திய கப்பல்காரரிடம் வந்து கடலை அடக்கினார் என்பதால் கடலோடிகளின் பாதுகாவலர். பாசம் முற்றி, 1087இல் இத்தாலியின் பாரி நகரத்துக் கப்பல்காரர் அவருடைய எலும்புகளையே மீராவிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! பெரும்பகுதியை இன்றும் பாரியில்தான் வைத்திருக்கிறார்கள்.

தொப்பிக்குப் பதில்: அவர் ஆயர், ஆயருக்குரிய தலைப்பாகைதான் இருக்கும். பல படங்களில் கையில் மூன்று பொன்னுருண்டைகளும் இருக்கும், அந்த மூன்று பெண்களுக்காக. டிசம்பர் 6 திருநாளுக்குப் போகும்போது உங்கள் சொரூபத்தில் இருக்கிறதா என்று மகனையே பார்த்துவரச் சொல்லுங்கள்.