1964 புயலில் தனுஷ்கோடி ரயிலை டிரைவர் ஏன் நிறுத்தவில்லை? நீராவி எஞ்சின் டிரைவர்களுக்கு அப்போது முறையான பயிற்சியே கிடையாதா?

கேள்வி கேட்டவர் தனுஷ்கோடிக்கு வேனில் போய், இடிந்த தேவாலயத்தையும் ஸ்டேஷனையும் போட்டோ எடுத்து, அங்கே யாரோ சொன்ன கதையையும் கேட்டுவிட்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். "சிக்னல் விழவில்லை, டிரைவர் பொறுமையில்லாமல் விசிலை அடித்துக்கொண்டு கடலுக்குள் விட்டுட்டான்." அங்கே விற்கிற கதை இதுதான். அதைக்கூட விட்டுவிடலாம். "பயிற்சியே கிடையாதா" என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினில் கிளீனராகச் சேர்ந்து, கரி போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பயர்மேனாகி, கடைசியில் டீசல் டிரைவராக ஓய்வு பெற்றவன். புயலுக்குச் சில வருடம் கழித்துத்தான் வேலைக்கு வந்தேன். அதனால் "நீங்க பார்த்தீங்களா?" என்று கீழே வந்து கேட்க வேண்டாம். பார்க்கவில்லை. அந்த டிரைவர் எனக்குச் சொந்தமும் இல்லை, சாதிக்காரரும் இல்லை. ரயில்வேக்கு வக்காலத்து வாங்க வேண்டும் என்று எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை.

பயிற்சி பற்றிச் சொல்கிறேன். முதலில் எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் கிளீனர். எஞ்சினைத் துடைப்பது, சாம்பல் அள்ளுவது, ஸ்மோக் பாக்ஸைச் சுரண்டுவது, இதுதான் வேலை. அப்புறம் இரண்டாம் பயர்மேன், முதல் பயர்மேன், யார்டுக்குள் மட்டும் எஞ்சின் ஓட்டும் ஷண்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர். மெயில் வண்டி கைக்கு வரும்போது பலருக்குத் தலை நரைத்திருக்கும். இடையிடையே பரீட்சை, கண் பரிசோதனை. கண் தவறினால் எஞ்சினை விட்டு இறக்கிவிடுவார்கள். கரி அள்ளிப் போடுவது பெரிய வித்தையா என்று சிரிப்பவர்கள் உண்டு. பாசஞ்சர் வண்டி இழுக்கும் ஒய்.பி. ரக மீட்டர் கேஜ் எஞ்சின் பாய்லரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. கரியை மொத்தமாகக் கொட்டினால் கரும்புகைதான் வரும், ஸ்டீம் இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மூலைகளில் கூடுதலாகப் போட வேண்டும். அதே சமயம் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் லெட் பிளக் என்கிற ஈய அடைப்பு உருகி, ஸ்டீம் நெருப்பின் மேலேயே பாயும். அப்படி ஒருவனுக்கு நடந்தால் ஷெட்டில் அவன் பெயர் சாகும்வரை அதுதான். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரை ஏற்றினால் வேறு தொல்லை. பாய்லர் நுரைத்து, ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போய்விடும்.

ராத்திரி தூக்கத்தில் டூட்டிக்குக் கூப்பிடுகிற ஆள், 'கால் பாய்', வந்து கதவைத் தட்டுவான், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், சாமான் வைக்கிற லைன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பி வருவது என்றைக்கு என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு டூட்டி 10 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதே 1973-ல், அதுவும் நாங்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு. காகிதத்தில் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, என் அனுபவம் ஒன்று. நான் பயர்மேனாக இருந்தபோது, கார்த்திகை மாதம், வாடைக்காற்று பேயாக அடிக்கிறது. வண்டி மண்டபம் ஸ்டேஷனில் நிற்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாம்பனிலிருந்து லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்ற ஒப்புதல், வரவில்லை. அது ஒற்றைத் தடம். அந்தப் பக்க ஸ்டேஷன் ஒப்புக்கொண்டு டோக்கன் கையில் வந்தால்தான் வண்டி நகரும், டிரைவர் இஷ்டத்துக்கு நகராது. நடுவில் 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கத்தில் பிடிச்சுவர் கிடையாது, ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேரே கடல். எங்கள் டிரைவர் பெரியவர், அதிகம் பேச மாட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் வேலை. நெருப்பை அடக்கி வைக்க வேண்டும், அணையவும் விடக்கூடாது. கொஞ்சம் கூடினால் சேஃப்டி வால்வு கத்தும்.

ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க வந்த கூட்டம் இறங்கி எஞ்சின் பக்கமே வந்துவிட்டது. வெள்ளை வேட்டி ஒருவர், "ஏம்ப்பா, காத்துக்கெல்லாம் பயந்தா எதுக்கு இந்த வேலைக்கு வந்தீங்க? காலையில நேரத்துக்குப் போகலேன்னா யார் பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டார். பெரியவர் திரும்பிப் பார்த்து, "ஐயா, உள்ள போயி உக்காருங்க. எனக்கும் வீட்டுல பிள்ளைக இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. விடியும்போதுதான் டோக்கன் வந்தது. பாலத்துக்கு முன்னால் சாம்பல் பெட்டியின் டாம்பர் என்கிற காற்றுக் கதவை மூடச் சொன்னார். கீழே மரக்கட்டை, தணல் விழக்கூடாது. ஆள் நடக்கிற வேகத்தில்தான் கடந்தோம். இறங்கும்போது ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. அந்த வேட்டிக்காரர் மட்டும் புகார் எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, நிறுத்தினாலும் திட்டு, ஓட்டினாலும் திட்டு.

இப்போது 653-ம் எண் பாசஞ்சருக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பி, தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். சரி, அப்படியானால் டிரைவர் பொறுமையிழந்தார் என்று பார்த்துச் சொன்னது யார்? சிக்னலில் நிற்கும் டிரைவர் விசில் அடிப்பது ஸ்டேஷனைக் கூப்பிட. அது எங்கள் விதி. அதையே திமிர் என்று மாற்றிவிட்டார்கள். "பின்னால் வந்திருக்கலாமே" என்பார்கள். ஒற்றைத் தடத்தில் அனுமதி இல்லாமல் பின்னால் தள்ளக்கூடாது. அதோடு பின்னால் இருந்தது என்ன? இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் மேடு, இருட்டு. முன்னால் ஸ்டேஷன், கட்டடம், ஆட்கள். தண்ணீர் சாம்பல் பெட்டிக்கு ஏறினால் நெருப்பு செத்துவிடும், பிறகு எஞ்சின் எந்தப் பக்கமும் நகராது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் முன்னால்தான் போயிருப்பேன். இது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம். ஆனால் மொபைலில் புயல் படம் பார்த்துக்கொண்டு மறுக்க வேண்டாம். தந்திக் கம்பி அறுந்தால் அன்றைக்குச் செய்தியே கிடையாது.

அந்தப் புயலில் சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரனை நாடே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். வண்டியோடு போன ரயில்வே ஊழியர்களின் பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நவம்பர் வந்தால் ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் வங்கி ஒன்றில் மிஷினில் விரலை வைத்தால் ரேகை விழுவதில்லை. கரி அள்ளும் ஷவல் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல். அந்தப் பையன், "தாத்தா, நல்லா துடைச்சிட்டு வைங்க" என்கிறான். எதைத் துடைப்பது? கண்ணை ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறதாமே, அதைக் கேட்டால் மேலதிகாரி லீவு, நாளைக்கு வாங்க. பேரனை அழைத்துக்கொண்டு மறுபடி போக வேண்டியதாயிற்று.

இன்னொன்று. கீழே இரண்டு பேர் போட் மெயில் கவிழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். போட் மெயில் என்பது அப்போது சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து, இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலைப் பிடித்த வண்டி. அன்றைக்குப் போனது பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர்.